உட்கார்ந்திருப்பது யார்?

சிக்மண்ட் ஃப்ராய்டுக்கு ஒழுங்காக உட்காரத் தெரியாது. ஊருக்கெல்லாம் மனசைப் பிரித்துக் காட்டிய அந்த மகானுபாவர், புத்தகம் படிக்கும்போது நாற்காலியில் குறுக்கே சரிந்து, ஒரு காலைத் தூக்கிக் கைப்பிடி மேல் போட்டு, புத்தகத்தை முகத்துக்கு நேரே உயரத்தில் பிடித்துக்கொண்டு, தலைக்கு எந்த ஆதரவும் இல்லாமல் கிடப்பாராம். நம் வீட்டுப் பையன் அப்படி உட்கார்ந்தால் பாட்டி என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும். ஃப்ராய்டின் மூத்த மகள் மத்தில்டே அப்பாவைத் திருத்தப் பார்க்கவில்லை. 1930-ல் ஃபெலிக்ஸ் ஆகென்ஃபெல்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் போய், அப்பாவின் இந்தக் கோணல் பழக்கத்தை விவரித்து, அதற்குத் தகுந்தாற்போல் ஒரு நாற்காலி செய்து தரச் சொன்னாள்.

அவர் செய்து கொடுத்ததைப் படத்தில் பார்த்தால் முதலில் சிரிப்புதான் வரும். உயரமான, ஒல்லியான முதுகு. அதன் உச்சியில் தலை மாதிரி ஒரு புடைப்பு. இரண்டு பக்கமும் கைப்பிடி என்று சொல்ல முடியாது, கைகளேதான். காலைத் தூக்கிப் போட்டால் வலிக்காதபடி உருண்டு, மெத்தென்று, தோல் போர்த்தி. மொத்தத்தில் ஒரு மனுஷன் இரண்டு கைகளையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. அதன் மடியில் இன்னொரு மனுஷர் உட்கார்ந்து படிக்கலாம். நாஜிகளுக்குத் தப்பி 1938-ல் ஃப்ராய்ட் லண்டனுக்குக் குடிபெயர்ந்தபோது இதுவும் கூடவே போனது. இன்று அந்த வீடு மியூசியம். நாற்காலி மேஜைக்குப் பின்னால் காலியாக இருக்கிறது. காலியாக இருக்கும்போதும் யாரோ இருக்கிற மாதிரிதான் இருக்கிறது.

அங்கே வருகிற கூட்டம் பெரும்பாலும் இதைப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது நோயாளிகள் படுத்த புகழ்பெற்ற சோபா. அதை ஒரு நோயாளியம்மாள் 1890 வாக்கில் அன்பளிப்பாகக் கொடுத்தாராம். மேலே பாரசீகக் கம்பளம். வந்தவர் படுப்பார், ஃப்ராய்ட் அவருடைய தலைமாட்டுக்குப் பின்னால், கண்ணில் படாமல் உட்காருவார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் யாராவது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியாது என்ற கருத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஒரு மாபெரும் சிகிச்சை முறைக்குப் பின்னால் இப்படி ஒரு கூச்சம். மேஜை நாற்காலி போடுகிற விதத்தை மாற்றினால் மனுஷன் பேசுகிற பேச்சும் மாறும் என்பதை அவர் தெரிந்தே பயன்படுத்திக்கொண்டார்.

'நான் யார்' என்ற கேள்வியை மரத்திலும் தோலிலும் பஞ்சிலும் கேட்டுப் பார்ப்பது வடிவமைப்புத் துறையில் பெரிய ஃபேஷன். சுயம், அடையாளம், ஆழ்மனம் என்று பெயர் வைத்துக்கொண்டு நாற்காலிகள் வந்தபடி இருக்கின்றன. இவற்றில் எது சரக்கு, எது வெறும் லேபிள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு அமெரிக்க உளவியலாளர் ஒருவரின் ஆராய்ச்சி எனக்குக் கைகொடுத்தது. சாம் கோஸ்லிங் என்று பெயர். டெக்சஸ் பல்கலைக்கழகம். 2002-ல் சகாக்களோடு சேர்ந்து ஒரு காரியம் செய்தார். முன்பின் தெரியாத ஆட்களின் படுக்கையறைக்கும் ஆபீஸ் அறைக்கும் சிலரை அனுப்பி, அறையை மட்டும் பார்த்துவிட்டு, இதில் இருக்கிற ஆசாமி எப்படிப்பட்டவர் என்று சொல்லச் சொன்னார். ஒழுங்கானவரா, புதுசு புதுசாக யோசிக்கிறவரா என்பதையெல்லாம் ஓரளவு சரியாகவே சொல்லிவிட்டார்கள். பழக இனிமையானவரா என்பதில்தான் அவ்வளவாகத் தேறவில்லை. சுத்தமான அறைக்குள் சிடுமூஞ்சியும் இருக்கலாம் என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

எனக்குப் பிடித்தது அவர் போட்ட பாகுபாடு. ஓர் அறையில் இரண்டு வகைச் சாட்சிகள் இருக்கின்றன. ஒன்று, நான் இன்னார் என்று நாமே மாட்டி வைக்கிற அறிவிப்பு. சுவரில் சே குவேரா, ஹாலில் வீணை, ஷோகேஸில் கோப்பை. இன்னொன்று, நாம் அறியாமல் விட்டுவிட்டுப் போகிற மிச்சம். டீ டம்ளர் வைத்து வைத்து விழுந்த வட்டம், ஒரே பக்கம் அமுங்கிப்போன மெத்தை, எண்ணெய்த் தலை சாய்ந்து கறுத்த சுவர். அறிவிப்பு பொய் சொல்லலாம். மிச்சத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

ஆகென்ஃபெல்ட் மிச்சத்தைப் பார்த்துச் செய்தார். ஃப்ராய்டின் தத்துவத்தைப் படித்து, ஆழ்மனத்துக்கு ஒரு வடிவம் கொடுக்கிறேன் பேர்வழி என்று அவர் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, நினைக்கவே பயமாக இருக்கிறது. அவர் பார்த்தது ஒரு காலை, ஒரு கழுத்தை.

அறிவிப்பைப் பார்த்துச் செய்ததற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் இத்தாலியில் இருக்கிறது. கயத்தானோ பெஷே 1969-ல் செய்த 'அப் 5' நாற்காலி. பருத்த மார்பும் அகன்ற இடுப்பும் கொண்ட ஒரு தாய்த் தெய்வச் சிலையைப் போன்ற உருண்டை நாற்காலி. அதோடு கயிற்றால் கட்டப்பட்ட ஒரு பெரிய பந்து, கால் வைத்துக்கொள்ள. கைதியின் காலில் இரும்புக் குண்டைச் சங்கிலியால் கட்டுவார்களே, அது. பெண் உலகெங்கும் கைதியாக இருக்கிறாள், அதைத்தான் சொல்கிறேன் என்றார் பெஷே. தொழில்நுட்பத்திலும் அது கெட்டிக்காரத்தனம். காற்றை உறிஞ்சித் தோசை மாதிரித் தட்டையாக்கிப் பாக்கெட்டில் அடைத்து விற்றார்கள். வீட்டில் கொண்டுபோய்ப் பிரித்தால் உள்ளே இருக்கும் நுரை பஞ்சு காற்றை இழுத்துக்கொண்டு தானாக எழுந்து நிற்கும். மேடை மாஜிக் மாதிரி.

ஒப்புக்கொள்கிறேன், 1969-ல் ஒரு நாற்காலி இதைச் சொன்னது சாதாரண விஷயமில்லை. வரவேற்பறைச் சாமானை அரசியல் பேச வைத்தது பெரிய காரியம். ஆனால் இதை வாங்கினவர் என்ன செய்கிறார்? ஆபீஸிலிருந்து வந்து, அந்தக் கைதிப் பெண்ணின் மடியில் பொத்தென்று விழுந்து, அவளுடைய குண்டின் மேல் இரண்டு கால்களையும் நீட்டிக்கொள்கிறார். சிறை என்ற செய்தி அவருக்குச் சொகுசாக வந்து சேர்கிறது. 2019-ல், இந்த நாற்காலிக்கு ஐம்பது வயதானதைக் கொண்டாட, மிலான் நகரப் பேராலயச் சதுக்கத்தில் இதையே எட்டு மீட்டர் உயரத்துக்குச் செய்து, உடம்பெல்லாம் அம்புகள் குத்தி, சுற்றிலும் மிருகத் தலைகளை வைத்து நிறுத்தினார் பெஷே. இத்தாலியப் பெண்ணியவாதிகளே எதிர்த்துப் போராடினார்கள். பெண்ணை மறுபடியும் அடிவாங்கும் உடம்பாகத்தான் காட்டுகிறீர்கள், அடிக்கிறவன் எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பெஷே 2024-ல் காலமானார். அந்த நாற்காலி இன்றும் விற்பனையில் இருக்கிறது, பல வண்ணங்களில்.

அதே இத்தாலியில் மெண்டினி என்பவர் 1978-ல், பழைய பாணிச் சிம்மாசனம் ஒன்றின் நகலை எடுத்து, மரம் துணி என்று பார்க்காமல் புள்ளி புள்ளியாக வண்ணம் தீட்டி, அதற்கு நாவலாசிரியர் ப்ரூஸ்டின் பெயரை வைத்தார். நினைவுகளின் தொகுப்புதான் மனிதன் என்பது தாத்பர்யம். பார்க்க அழகு. உட்காரலாமா என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

இந்தப் பெரிய இடத்து விவகாரங்கள் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். இந்த மேதைகளின் வாசனைத் தண்ணீர்தான் சற்று நீர்த்து, நம் ஊர் பர்னிச்சர் கடை விளம்பரமாக ஊற்றப்படுகிறது. 'உங்கள் ஆளுமையைச் சொல்லும் சோபா', 'நீங்கள் யார் என்பதை உங்கள் கட்டில் சொல்லட்டும்' என்ற தினுசில் பண்டிகைக்குப் பண்டிகை பார்க்கிறோம். என் கட்டில் என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முதலில் குறட்டையைத்தான் சொல்லும், அது வேறு. பி.காம். படித்தவனுக்கு 'பர்னிச்சர் அண்டு ஃபிட்டிங்ஸ்' என்பது பாலன்ஸ் ஷீட்டில் ஒரு வரி. வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்கு 10 சதவீதம் தேய்மானம் போடவேண்டிய சொத்து. அந்தத் தேய்கிற சாமானுக்குள் நம் சுயம் குடியிருக்கிறது என்பதை யார் முதலில் சொன்னது என்று தேடினால், வில்லியம் ஜேம்ஸ் வரை போகிறது. 1890-ல் வெளியான அவருடைய உளவியல் நூலில், ஒருவன் 'என்னுடையது' என்று சொல்லிக்கொள்கிற எல்லாமே, அவனுடைய உடை, வீடு, நிலம், பேங்க் கணக்கு உட்பட, அவனுடைய சுயத்தில் சேர்த்தி என்றார். 1988-ல் ரஸ்ஸல் பெல்க் என்ற மார்க்கெட்டிங் பேராசிரியர் இதை விரித்து ஒரு கட்டுரை எழுதினார். நாம் வாங்கி வைத்திருப்பவை நம் சுயத்தின் நீட்சி என்பது அதன் சாரம். பிறகு கேட்க வேண்டுமா? விற்கிறவர்களுக்கு வேதவாக்கு. சோபாவை விற்பதைவிட 'உங்களை' உங்களுக்கே விற்பதில் லாபம் ஜாஸ்தி.

ஆனால் இந்தக் கணக்கில் செலவுப் பக்கம் எழுதப்படவில்லை. தோல் சோபாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து ஆட்களைத் தோல் சோபா என்று சொல்லி ஏமாற்றுவது கஷ்டம். மூலையைத் தூக்கி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார்கள். நார் தெரிந்தால் தோல், துணி தெரிந்தால் ரெக்ஸின். கையும் முதுகும் படுகிற இடத்தில் மட்டும் தோல், பின்பக்கமெல்லாம் ரெக்ஸின் என்று ஒரு ரகம் இருக்கிறது. அடையாள அறிவிப்புக்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் கிடைக்காது. அப்படியே அசல் தோல்தான் என்றாலும், அதைப் பதனிட்ட தண்ணீர் எங்கே போனது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பாலாறு கெட்டது பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது, கெடுத்தவர் காசு கொடுக்க வேண்டும் என்று. 2015 ஜனவரி கடைசி நாள் ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டி உடைந்து, இரவில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் செத்துப்போனார்கள். சுயத்தின் நீட்சி என்றால் அது இந்தப் பக்கமும் நீளத்தானே வேண்டும்?

விளம்பரக்காரர் சொல்லாத இன்னொரு விஷயம் இருக்கிறது. இருக்கை நம்மைக் காட்டுகிறது என்பதைவிட, நம்மை மாற்றுகிறது என்பதுதான் பழைய சங்கதி. விக்கிரமாதித்தன் கதை கேட்டிருப்பீர்கள். ஒரு காட்டுக்காரர் தன் நிலத்து மேட்டின் மேல் பரண் போட்டுக் காவல் காக்கிறார். பரண் மேல் ஏறினால் கர்ணன். வாங்கய்யா, வேண்டுமட்டும் பறித்துத் தின்னுங்கள் என்கிறார். கீழே இறங்கினதும், ஐயோ என் பயிரை அழிக்கிறார்களே என்று அலறுகிறார். மறுபடி ஏறினால் மறுபடி தர்மவான். போஜராஜன் சந்தேகப்பட்டு மேட்டைத் தோண்டினால் உள்ளே விக்கிரமாதித்தனின் சிம்மாசனம். போஜன் அதில் ஏறப்போகும்போது படிக்கொரு பதுமை, முப்பத்திரண்டும் மாற்றி மாற்றித் தடுத்து, உனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று கதை சொல்லிக் கேட்கின்றன. காட்டுக்காரருக்குத் தெரியாமலே சிம்மாசனம் அவரை ராஜாவாக்கியது. தெரிந்து உட்காரப்போன ராஜாவை நிறுத்தி விசாரிக்கிறது. சுயம், அடையாளம் பற்றி இதற்குமேல் ஒரு மரச்சாமான் என்ன பேச முடியும்?

புறநானூற்றில் வேறு மாதிரி ஒரு கட்டில். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில், முரசு வைக்கிற கட்டில் காலியாக இருக்கிறது. முரசை நீராட்ட எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். களைத்து வந்த புலவர் மோசிகீரனார், பூவெல்லாம் போட்டு மெத்தென்று இருக்கிறதே என்று ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். சட்டப்படி மரண தண்டனை. வந்து பார்த்த ராஜா, வாளை எடுக்காமல் விசிறியை எடுத்து வீசினான். முரசின் இடம் என்ற அறிவிப்பை ஒதுக்கிவிட்டு, தூங்குகிற உடம்பைப் பார்த்தான் அந்த மனுஷன். அசல் டிசைனர்.

எங்கள் கலவையிலும் ஓர் இருக்கைக் கதை உண்டு. ராணிப்பேட்டை மாவட்டத்தில், ஆற்காட்டுக்குத் தெற்கே இருக்கிற சின்ன ஊர். 1907 பிப்ரவரியில் காஞ்சி மடத்தின் 66-வது ஆசாரியர் இங்கே சித்தியடைந்தார். அடுத்து வந்தவரும் சில நாட்களிலேயே போய்விட்டார். திண்டிவனம் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த சுவாமிநாதன் என்ற சிறுவனை, பதின்மூன்று வயசுகூட முடியவில்லை, அழைத்து வந்து சந்நியாசம் கொடுத்துப் பீடத்தில் அமர்த்தினார்கள். 1994 வரை உலகம் அவரைக் காஞ்சிப் பெரியவர் என்றே அறிந்தது. பீடம் என்றால் வெறும் இருக்கைதான். நேற்றுவரை ஒரு வகுப்பு, ஒரு பெஞ்ச், ஓர் அம்மா. இன்று பெயர் போயிற்று, உடை போயிற்று, உறவு போயிற்று, கூப்பிட்டவர்கள் எல்லோரும் நமஸ்கரிக்கிறார்கள். பக்தி உள்ளவர்கள் அதை அருள் என்பார்கள். இல்லாதவர்களும் ஒரு நிமிஷம் அந்தப் பையனாக இருந்து பார்க்கலாம். இருக்கை ஓர் ஆளையே எடுத்துவிட்டு இன்னோர் ஆளை வைத்துவிடும்.

பீடம் ஏறுகிறவர் சுயத்தைக் கழற்றுவது இப்படி. இருக்கை செய்கிறவரே சுயத்தைக் கழற்றினால்? அதுவும் நம் பக்கத்தில்தான், முப்பது வருஷம் கழித்து, பாண்டிச்சேரியில் நடந்தது. ஜார்ஜ் நகஷிமா. 1905-ல் அமெரிக்காவில் ஸ்போகேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். எம்.ஐ.டி.யில் கட்டடக் கலை படித்துவிட்டு, டோக்கியோவில் அண்டோனின் ரேமண்ட் என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அரவிந்தர் ஆசிரமத்துக்கு விடுதி கட்டும் வேலை ரேமண்டுக்கு வந்தது. ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதரி மூலம் பணம் வந்ததால் அதற்குக் கோல்கொண்டா நினைவாக 'கோல்கோந்த்' என்று பெயர். 1937-ல் மேற்பார்வைக்கு வந்த நகஷிமா, வேலையில் முழுகி, சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆசிரமவாசியே ஆகிவிட்டார். அரவிந்தர் வைத்த பெயர் சுந்தரானந்தா. அழகில் ஆனந்தம் கொள்பவர்.

கோல்கோந்த் இன்றும் இருக்கிறது. இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. வடக்கிலும் தெற்கிலும் கண்ணாடி ஜன்னலே கிடையாது. படுக்கைவசமாக நீளப் பலகைகள், திருப்பினால் காற்று வரும், மூடினால் மழை நிற்கும். ஒவ்வோர் அறைக்கும் தேக்கில் கட்டில், நாற்காலி, மேஜை. நகஷிமா பர்னிச்சர் செய்யத் தொடங்கியது இங்கேதான். அந்தச் சாமான்களைப் படத்தில் பார்த்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். 'இது யாருடைய கைவண்ணம்' என்று கத்துகிற எதுவும் அதில் கிடையாது. தியானம் செய்து, படித்து, தூங்கி எழுகிற ஒருவருக்கு எது வேண்டுமோ அது, அதற்கு மேல் ஓர் ஆணிகூட இல்லை. வேலையே யோகம், அதில் 'நான்' கரைய வேண்டும் என்ற ஆசிரமத்துப் பாடத்தை அவர் மேடையில் பேசவில்லை, இழைப்புளியில் பேசினார்.

1939-ல் அவர் கிளம்பிப் போனார். போன இடத்தில் அடையாளம் வேறு விதமாக அவரைப் பிடித்தது. 1942-ல், ஜப்பானிய முகம் என்ற ஒரே காரணத்துக்காக, அமெரிக்கக் குடிமகனான அவரை, மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோவில் மினிடோகா முகாமில் அடைத்தது அமெரிக்க அரசு. அங்கே கென்டாரோ ஹிகோகாவா என்ற மரபுத் தச்சர் கிடைத்தார். முகாமில் கிடைத்த உதவாத மரத்துண்டுகளை வைத்து அவரிடம் வேலை கற்றுக்கொண்டார் நகஷிமா. நீ யார் என்பதை முள்வேலி தீர்மானித்துவிட்ட இடத்தில், மரத்தின் மேல் கோபத்தைக் காட்டாமல் இருந்தது பெரிய விஷயம். அடுத்த வருஷம் ரேமண்ட் பொறுப்பேற்று அவரை வெளியே கொண்டுவந்தார். பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற இடத்தில் பட்டறை.

அவருடைய மேஜைகள் உலகப் புகழ் பெற்றது அதன் பிறகுதான். மரத்தின் ஓரத்தைச் சதுரமாக வெட்டாமல் வளைவு வளைவாக அப்படியே விட்டார். வெடிப்பு இருந்தால் மறைக்கவில்லை. அது மேலும் பிளக்காமல் இருக்கப் பட்டாம்பூச்சி வடிவத்தில் ஒரு மரத்துண்டைக் குறுக்கே பதித்து, அதையும் எல்லோருக்கும் தெரியும்படியே விட்டார். மரத்துக்கு ஓர் ஆன்மா இருக்கிறது, தச்சன் அதற்கு இரண்டாவது வாழ்க்கை தருகிறான் என்பது அவர் நம்பிக்கை. 1981-ல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரே 'ஒரு மரத்தின் ஆன்மா'. நான் மிகவும் ரசிப்பது வேறொன்று. வெகுகாலம் அவர் தன் பெயரைச் சாமான்களில் போடவில்லை. பலகையின் அடிப்பக்கத்தில் மையால் ஒரு பெயர் இருக்கும், செய்யச் சொன்ன வாடிக்கையாளரின் பெயர். யாருடைய வீட்டுக்குப் போகிறதோ அவர். கலைஞன் அடியில் ஒளிந்துகொள்வான், உட்காருகிறவர் பெயர் நிற்கும்.

இதில் முரண் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. 'நான்' இல்லாமல் செய்த மேஜைகள் நகஷிமா என்ற பெயருக்காகவே இன்று ஏலத்தில் தாறுமாறான விலைக்குப் போகின்றன. ஏலக் கம்பெனிக்காரர் அடிப்பக்கத்தைப் புரட்டி அந்தப் பெயரைத்தான் முதலில் தேடுகிறார், அசலா என்று நிச்சயிக்க. ஒளிந்துகொண்டதே கையெழுத்தாகிவிட்டது. அவருடைய வளைந்த ஓரம் நம் ஊர்க் கடைகளுக்கும் வந்துவிட்டது. வெடிப்பில் நீலப் பிசினை ஊற்றி, நடுவில் ஆறு ஓடுகிற மாதிரி டைனிங் டேபிள். மரத்தின் காயத்தை அவர் தைத்தார். இவர்கள் அதில் கலர் விளக்கு போடுகிறார்கள். ஆயிரம் வீட்டில் ஒரே மாதிரி ஆறு ஓடினால் அதில் யாருடைய தனித்துவம் மிதக்கிறது, சொல்லுங்கள்.

நிஜமான நகஷிமாவைப் பார்க்க நீங்கள் அமெரிக்காவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். ஒரு பெரிய வால்நட் மரத்தைக் கண்டதும், கண்டத்துக்கு ஒன்றாக அமைதிக்கான மேஜை செய்யவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. முதலாவது 1986-ல் நியூயார்க்கின் புனித ஜான் பேராலயத்துக்குப் போனது. 1990-ல் அவர் இறந்த பிறகு, முகாமில் கைக்குழந்தையாக இருந்தாளே, அந்த மகள் மீரா பட்டறையைத் தொடர்ந்து நடத்தினார். 1996-ல் ஆசியாவுக்கான மேஜை வந்து சேர்ந்த இடம் ஆரோவில். அதைச் சுற்றி எந்த நாட்டுக்காரரும் உட்காரலாம். தலைமாட்டு இடம் என்று ஒன்று இல்லை.

தலைமாட்டு இடம் என்றதும் நம் வீடுகள் ஞாபகம் வருகின்றன. அப்பாவின் ஈஸி சேர் என்று ஒன்று எல்லா நடுத்தர வீட்டிலும் இருந்தது. அவர் ஊரில் இல்லாத நாளிலும் மற்றவர்கள் அதில் உட்காரத் தயங்குவார்கள். அதன் துணியில் அவர் முதுகின் அச்சே விழுந்திருக்கும். அம்மாவின் நாற்காலி எது? யோசித்துப் பாருங்கள். அரிவாள்மனை, ஒரு மணைப்பலகை, தயிர் கடைகிற தூணோரம். அவளுடைய சுயத்துக்கு எந்தத் தச்சனும் அளவெடுக்கவில்லை. பெஷே செய்த கைதிப் பெண் நாற்காலியாகவாவது இருந்தாள். நம் வீட்டில் அவளுக்கு நாற்காலியே இல்லை.

நாற்காலி இல்லாதவர்களின் கதையைச் சொல்லாமல் நாற்காலியின் உளவியலைப் பேசுவது தமிழ்நாட்டில் அநியாயம். 2020 அக்டோபரில் ஒரு போட்டோ வெளிவந்தது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சி. கூட்டம் நடக்கிறது. மற்றவர்கள் நாற்காலியில். ஒரு பெண் தரையில். அந்தப் பெண்தான் தேர்தலில் ஜெயித்த ஊராட்சித் தலைவர். பட்டியல் சாதி. போட்டோ பரவி, வழக்கு, சஸ்பெண்ட் எல்லாம் பிறகு நடந்தது. அந்த அறையில் இருந்தவை இன்ன டிசைன் என்று சொல்ல எதுவுமில்லாத சாதாரண நாற்காலிகள். ஆனால் யார் யார் என்று அவை சொன்ன தெளிவோடு எந்த இத்தாலிய மேதையும் சொன்னதில்லை. தரையில் உட்காருவது கேவலமில்லை, நாமெல்லாம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான். நாற்காலி இருந்தும் 'உனக்கில்லை' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரட்டை டம்ளரைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. டீக்கடை பெஞ்சைப் பற்றி இன்னும் எழுத வேண்டும். அதுவும் பர்னிச்சர் வரலாறுதான்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. சோபா விற்கிற கடைக்கே போங்கள். நூறு சோபா கிடக்கும். 'உட்கார்ந்து பாருங்க சார், உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்' என்று சொல்கிற பெண் காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பாள். துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை எல்லாம் இதே கதைதான். கால் நரம்பு சுருட்டிக்கொண்டு போகிற அந்த நிற்பை வசந்தபாலன் 'அங்காடித் தெரு'வில் 2010-லேயே காட்டினார். பார்த்துவிட்டு வந்து, அதே தெருவில் தீபாவளிக்குத் துணி எடுத்தோம். கேரளாவில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் 'பெண்கூட்டு' என்று சங்கம் கட்டி, உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். 2018-ல் அங்கே சட்டம் வந்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டு சட்டமன்றத்திலும் மசோதா வந்து, கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் புதிதாக 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே கிடைக்கிற சந்தர்ப்பத்தில் அவர்கள் உட்கார வேண்டும் என்கிறது.

'பொருத்தமான' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். எது பொருத்தம்? இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து மேல் தட்டில் கை நீட்ட வேண்டும். சேலை கட்டியிருக்கிறாள். கவுன்ட்டர் இடுப்பு உயரம். பின்னால் ஓர் ஆள் போக இடம் வேண்டும். இதற்குச் சாதாரண ஸ்டூல் சரிப்படாது. உட்கார்ந்தால் தலை கவுன்ட்டருக்குக் கீழே போய்விடும், சூபர்வைசருக்கு 'ஆளைக் காணோம்' ஆகிவிடும். பாதி நின்று பாதி உட்கார ஏதுவான, கால் வைக்கப் பட்டை வைத்த, தேவையில்லாதபோது கவுன்ட்டருக்கு அடியில் மடங்கிக்கொள்கிற ஓர் இருக்கை வேண்டும். ஒரு கழுத்தையும் ஒரு காலையும் பார்த்து ஆகென்ஃபெல்ட் ஒரு நாற்காலி செய்தார். நம் டிசைன் பள்ளிக்கூடங்களில் இருந்து யாராவது டேப்பை எடுத்துக்கொண்டு ரங்கநாதன் தெருவுக்குப் போய், காலை பத்து மணியிலிருந்து கடை மூடும் வரை அந்தப் பெண்களின் காலையும் இடுப்பையும் கவனித்து ஒன்று செய்திருந்தால், அதுதான் சுயம் பற்றிய நாற்காலி என்று நான் கைதட்டியிருப்பேன்.

சமீபத்தில் ஒரு கடையில், பெயர் வேண்டாம், கவுன்ட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். சட்டத்துக்காக பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், வரிசையாக, ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஆறு ஸ்டூல் ஒரே அடுக்காக. மேலே பில் புத்தகம் வைத்திருந்தார்கள். கல்லாவில் சுழல் நாற்காலி, முதுகில் வெள்ளைத் துண்டு.